கால் அங்குலமா, 6 மி.மீட்டரா? சரியான காலட்டைக் கம்ப்யூட்டரில் தேடுவோம்!

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. படம் பார்க்கிறோம், மெயில் அனுப்புகிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம். வேறு எதற்கு இது உதவும்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கையால் தொழில் செய்பவர் ஒருவர் இருந்தால், அவருடைய வேலைக்கு உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவோ உதவும். ஒரு சிறிய உதிரி பாகத்தைத் தேடிப் பிடித்த அனுபவத்தை வைத்து அதை இங்கே பார்க்கலாம். பாகத்தின் பெயர் காலட். அளவில் ஒரு பேனா மூடி அளவுகூட இருக்காது. ஆனால் தப்பான காலட்டைப் போட்டால் கதவும் போகும், சில நேரம் கையும் போகும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டியில் எங்கள் தெருவில் இருக்கும் தச்சர் அண்ணன், பேட்டரியில் ஓடும் சிறிய ரவுட்டர் ஒன்றை வாங்கினார். கட்டி முடிக்காத வீடுகளில் கரண்ட் இணைப்பு வருவதற்கு முன்பே கதவு, ஜன்னல் வேலை தொடங்கிவிடும். அங்கே ஒயரை இழுத்துக்கொண்டு அலைய முடியாது. எனவே பேட்டரி மிஷின் அவருக்குப் பெரிய வசதி. சிக்கல் பிட்டில் வந்தது. பழைய ஒயர் மிஷினுக்காக அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பிட்டுகள் எல்லாம் 6 மி.மீ. தண்டு கொண்டவை. புதிய மிஷினுடன் வந்ததோ கால் அங்குல காலட். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, இறுக்கிப் போடுங்க" என்று கடைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். முதல் வேலையிலேயே பிட் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தேக்குக் கதவின் விளிம்பில் தேவைக்கு மேல் ஆழமாக வெட்டிவிட்டது.

"தம்பி, கம்ப்யூட்டர்ல இதுக்கு ஏதாவது வழி இருக்கா பாரு" என்று என்னிடம் வந்தார். இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரவுட்டர் என்றால் எது?

கூகுளில் "ரவுட்டர்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினால், இணைய இணைப்புக்கான வைஃபை பெட்டிகள்தான் வரிசையாக வரும். நாம் தேடுவது மரவேலை ரவுட்டர். அதாவது, மோட்டாரின் நுனியில் ஒரு வெட்டும் பிட்டைப் பொருத்தி, மரத்தில் பள்ளம் எடுக்கவும் விளிம்பை உருட்டவும் பயன்படும் கருவி. இதன் சிறிய வகையை நம் ஊர்த் தச்சர்கள் "டிரிம்மர்" என்றும் சொல்வார்கள்.

எனவே தேடும்போது ரவுட்டர் என்ற சொல்லுடன் "வுட்" அல்லது "டிரிம்மர்" என்ற சொல்லையும் சேருங்கள். அப்படியும் வைஃபை வந்தால், ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, அதை ஒட்டி "வைஃபை" என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அந்தச் சொல் உள்ள பக்கங்களைக் கூகுள் ஒதுக்கிவிடும். இந்தக் கழித்தல் குறி தந்திரம் எல்லாத் தேடலுக்கும் பயன்படும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலட் எப்படிப் பிடிக்கிறது?

காலட் என்பது நீளவாக்கில் கீறல்கள் விட்ட, கூம்பு வடிவ எஃகு வளையம். மோட்டார் அச்சின் நுனியிலும் அதே சாய்வில் ஒரு குழி இருக்கும். மேலே உள்ள நட்டை இறுக்கினால் கூம்பு குழிக்குள் அழுந்தும். கீறல்கள் நெருங்கி, நடுவில் உள்ள பிட்டின் தண்டைச் சுற்றிலும் ஒரே சீராகக் கவ்விக்கொள்ளும்.

காலட்டின் துளையும் பிட்டின் தண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் இந்த "ஒரே சீரான" பிடி கிடைக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதற்குள் 6 மி.மீ. தண்டைப் போட்டால் இடைவெளி 0.35 மி.மீ. நட்டை மிகவும் இறுக்கினால் பிடித்துக்கொண்டது போலத் தோன்றும். உண்மையில் சில கோடுகளில் மட்டும்தான் எஃகு எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதிர்வு வந்ததும் தண்டு நழுவத் தொடங்கும். பழைய பிட்டின் தண்டில் பழுப்பு நிற வளையங்களோ கீறல்களோ இருந்தால், அது ஏற்கனவே நழுவிய பிட் என்று அர்த்தம்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வகை மிஷின்களில் சில நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுகின்றன. அதாவது ஒரு விநாடிக்கு 500 சுற்று. பிட்டின் விட்டம் 20 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 62.8 மி.மீ. ஐந்நூறால் பெருக்கினால் விநாடிக்கு 31.4 மீட்டர். மணிக்கு 113 கிலோமீட்டர்! கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் கார் போகும் வேகத்தில் வெட்டும் விளிம்பு சுற்றுகிறது. அது கழன்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்" எங்கிருந்து வந்தது?

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான எடைகள், அளவுகள் சட்டம் 1956-இல் வந்தது. ஆனால் மர வேலையில் அங்குலமும் நூலும் இன்றும் புழங்குகின்றன. 8 நூல் ஒரு அங்குலம். எனவே கால் அங்குலம் என்பது 2 நூல். 6 மி.மீ. பிளைவுட்டை "கால் இஞ்ச்" என்றும், 12 மி.மீ. பிளைவுட்டை "அரை இஞ்ச்" என்றும் கேட்டு வாங்கிப் பழகிவிட்டோம். பலகைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதிவேகமாகச் சுற்றும் தண்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அளவு முறைகளைக் கலப்பதால் பெரிய இடங்களிலேயே இழப்பு வந்திருக்கிறது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் நாசா, மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலத்தை இழந்தது. பூமியில் ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு கணக்கில் தந்த எண்ணை, இன்னொரு பக்கம் மெட்ரிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். சாஃப்ட்வேர் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது இன்றும் ஒரு பாடம்.

ஸ்கேனரில் அளக்கலாம்

பிட்டின் தண்டை அளக்கச் சிறந்த கருவி வெர்னியர் காலிப்பர். டிஜிட்டல் காலிப்பர் இருந்தால் வாயை மூடி, திரையில் 0.00 வருகிறதா என்று பார்த்துவிட்டு, தண்டின் வழவழப்பான பகுதியில் அளக்கவும். 6.00-க்குப் பக்கத்தில் வந்தால் 6 மி.மீ., 6.35-க்குப் பக்கத்தில் வந்தால் கால் அங்குலம்.

காலிப்பர் இல்லையா? உங்கள் வீட்டு ஆல்-இன்-ஒன் பிரிண்டரில் ஸ்கேனர் இருக்குமே! இப்படிச் செய்யுங்கள்.

1. ஸ்கேனர் கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க, ஒரு மெல்லிய ஓ.எச்.பி. ஷீட்டை விரியுங்கள்.

2. அதன் மேல் பிட்டையும், பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு 6 மி.மீ. டிரில் பிட்டையும் இணையாக வையுங்கள். டிரில் பிட்டின் வழவழப்பான அடித்தண்டு ஒப்பிட உதவும்.

3. ஸ்கேன் செய்யும் விண்டோவில் ரெசல்யூஷனை 1200 டி.பி.ஐ. என்று அமைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

4. கிடைத்த படத்தைப் பெயின்ட் புரோகிராமில் திறந்து, ஜூம் செய்து, செலக்ட் கருவியால் தண்டின் குறுக்கே மட்டும் தேர்ந்தெடுங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் எத்தனை பிக்சல் என்று காட்டும்.

டி.பி.ஐ. என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. எனவே 1200 டி.பி.ஐ.யில் கால் அங்குலத் தண்டு சரியாக 300 பிக்சல் வரும். 6 மி.மீ. தண்டு சுமார் 283 பிக்சல் வரும். வித்தியாசம் 17 பிக்சல். தண்டு உருண்டையாக இருப்பதால் விளிம்பு சற்று மங்கலாகத் தெரியலாம். அதனால்தான் பக்கத்தில் டிரில் பிட்டை வைக்கச் சொன்னேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டினால் 6 மி.மீ. தான். தச்சர் அண்ணனின் பெட்டியில் இருந்த பிட்டுகளை இப்படிப் பிரித்தபோது, 6 மி.மீ. கூட்டத்தில் இரண்டு கால் அங்குலப் பிட்டுகளும் கலந்திருந்தது தெரிந்தது.

எக்செல்லில் ஒரு அட்டவணை

அடுத்து, ஒரு அட்டவணை போட்டு பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டாம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

முதல் காலத்தில் அங்குல அளவை டைப் செய்யுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. செல்லில் வெறுமனே 1/4 என்று டைப் செய்தால் எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும்! எனவே சமக்குறி போட்டு =1/4 என்று டைப் செய்யுங்கள். 0.25 என்று வரும். இரண்டாம் காலத்தில் =ஏ2*25.4 என்ற பார்முலாவைக் கொடுங்கள். (ஏ என்பதை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.) செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளும் நிரம்பிவிடும். கிடைக்கும் விடைகள் இவை.

1/8 அங்குலம் (1 நூல்) = 3.175 மி.மீ. பக்கத்து மெட்ரிக் அளவு 3 மி.மீ.
1/4 அங்குலம் (2 நூல்) = 6.35 மி.மீ. பக்கத்து அளவு 6 மி.மீ.
5/16 அங்குலம் (இரண்டரை நூல்) = 7.94 மி.மீ. பக்கத்து அளவு 8 மி.மீ.
3/8 அங்குலம் (3 நூல்) = 9.525 மி.மீ. பக்கத்து அளவு 10 மி.மீ.
1/2 அங்குலம் (4 நூல்) = 12.7 மி.மீ. பக்கத்து அளவு 12 மி.மீ.

எந்த வரியிலும் இரண்டு அளவும் ஒன்றாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

தச்சர் அண்ணன் என்னிடம் வருவதற்கு முன்பே, எல்லா மிஷினுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்த ஒரு 6 மி.மீ. காலட்டை ஆன்லைனில் வாங்கியிருந்தார். துளை சரியாகத்தான் இருந்தது. ஆனால் கூம்பின் நீளமும் சாய்வும் வேறு. நட்டின் மரை இரண்டு சுற்றுகூடப் பிடிக்கவில்லை.

காரணம் எளிது. காலட்டுக்குத் துளை அளவு மட்டும் போதாது. கூம்பின் சாய்வு, நீளம், வெளி விட்டம், நட்டின் மரை ஆகிய எல்லாம் அந்த மிஷினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கை ரவுட்டர்களில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வடிவத்தை வைத்திருக்கிறது. போட்டோவில் பார்த்தால் எல்லாக் காலட்டும் ஒன்று போலவே தெரியும். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தாலும் "இது காலட்" என்று சொல்லுமே தவிர, உங்கள் மிஷினுக்குப் பொருந்துமா என்று சொல்லாது.

பாக எண்ணே ஆதாரம்

சரியான வழி, பாக எண்ணைக் கண்டுபிடிப்பதுதான்.

முதலில் மிஷினின் பெயர்ப்பட்டையில் உள்ள மாடல் எண்ணை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மிஷின் நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கப்படுவதுண்டு. உதாரணமாக, மக்கிட்டாவின் 18 வோல்ட் டி.ஆர்.டி.50, அமெரிக்காவில் எக்ஸ்.டி.ஆர்.01. போஷின் 12 வோல்ட் ஜி.கே.எஃப். 12வி-8, அமெரிக்காவில் ஜி.கே.எஃப்.12வி-25. அமெரிக்கப் பெயரில் தேடினால் பெரும்பாலும் கால் அங்குலப் பாகங்களே வரும். மெட்ரிக் காலட் வேண்டுமென்றால் நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் விற்கும் மாடல் எண்ணைக் கொண்டு தேட வேண்டும்.

அடுத்து, மாடல் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு, "பார்ட்ஸ் லிஸ்ட்" என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். பி.டி.எப். பைல்கள் மட்டும் வேண்டுமென்றால், கடைசியில் "பைல்டைப்" என்ற ஆங்கிலச் சொல், அதை ஒட்டி முக்காற்புள்ளி, அதை ஒட்டி "பி.டி.எப்." என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். மிஷினைப் பிரித்துப் போட்டது போன்ற வரைபடம் கிடைக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரிசை எண், அதற்கு எதிரே பாக எண் இருக்கும். மக்கிட்டா பாக எண் என்றால் ஆறு இலக்கம், ஒரு சிறு கோடு, பிறகு கடைசியாக ஒரு குறி. போஷ் துணைப் பாகங்களுக்கு 10 இலக்கம். பெரும்பாலும் 2 608 என்று தொடங்கும்.

பெரிய பி.டி.எப். பைலில் காலட்டை எங்கே தேடுவது? கீபோர்டில் கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, "காலட்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். 6 மி.மீ., 8 மி.மீ., கால் அங்குலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கும். உங்களுக்கு வேண்டியதைக் காப்பி செய்து நோட்பேடில் சேமித்து வையுங்கள். சில நிறுவனங்களில் ஒயர் மிஷினும் பேட்டரி மிஷினும் ஒரே காலட்டை ஏற்பதுண்டு. இரண்டு பட்டியலிலும் பாக எண் ஒன்றாக இருந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

எங்களுக்கு இந்த எண் கிடைத்த பிறகு மற்ற வேலை சுலபமாகிவிட்டது. மரவேலைக் கருவிகளுக்குப் பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோடு பெரிய சந்தை. கிருஷ்ணகிரியில் இருந்து சுமார் 90 கிலோமீட்டர். போய்க் கேட்டு இல்லையென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. எனவே பாக எண்ணையும் பட்டியலின் படத்தையும் வாட்ஸ்அப்பில் சில கடைகளுக்கு அனுப்பினோம். மூன்றாவது கடையில் இருந்து, அதே எண் அச்சிட்ட பாக்கெட்டின் படம் பதிலாக வந்தது.

ஸ்லீவ், ஈ.ஆர்., லேத்: எது சரி?

காலட் கிடைக்காவிட்டால் மூன்று யோசனை சொல்வார்கள்.

ஸ்லீவ்: காலட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் போடும் கீறல் விட்ட குழாய். உங்கள் மிஷினுக்கு 8 மி.மீ. காலட் இருந்தால், 8-க்கு 6 ஸ்லீவ் போடலாம். சுவரின் தடிமன் 1 மி.மீ. இருக்கும். ஆனால் 6.35-க்கு 6 ஸ்லீவ் என்றால் சுவர் 0.175 மி.மீ. தான். இது வேண்டாம். பேப்பரையோ தகரத்தையோ சுற்றிப் போடுவது அதைவிட மோசம்.

ஈ.ஆர். காலட்: ஓசூர் சிப்காட் பக்கம் சி.என்.சி. பட்டறைகளில் ஈ.ஆர்.11, ஈ.ஆர்.16, ஈ.ஆர்.20 என்ற காலட்டுகள் தினமும் புழங்கும். சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த இந்த முறை இன்று உலகத் தர அளவாகிவிட்டது. எந்த நிறுவனம் செய்தாலும் ஒரே வடிவம். ஆனால் அது ஈ.ஆர். அச்சு உள்ள மிஷின்களுக்கு மட்டுமே. 6 மி.மீ. என்று எழுதியிருக்கிறதே என்று கை ரவுட்டரில் போட முடியாது.

லேத் பட்டறை: "கடைஞ்சு கொடுத்திடறேன்" என்று யாராவது சொல்லலாம். காலட் என்பது ஸ்பிரிங் தன்மையுள்ள எஃகில் செய்து, சூடேற்றிக் கடினமாக்கி, துல்லியமாகக் கிரைண்ட் செய்யப்படும் பாகம். நடுத்துளை கொஞ்சம் விலகினாலும் பிட் ஆடும். அனுபவமுள்ள டூல்ரூம் ஆட்களே இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன்

ஆன்லைனில் வாங்கினால் இவற்றைப் பாருங்கள்.

* பக்கத்தில் பாக எண் எழுத்தில் இருக்கிறதா? உங்கள் நோட்பேடில் உள்ள எண்ணுடன் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள்.
* "எல்லா மிஷினுக்கும் பொருந்தும்" என்ற வாசகம் இருந்தால் விலகிவிடுங்கள்.
* காலட் மட்டுமா, நட்டும் சேர்த்தா என்று பாருங்கள்.
* திருப்பி எடுத்துக்கொள்வார்களா? எத்தனை நாளுக்குள்?
* எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதியாளர் யார் என்ற விவரம் இருக்கிறதா?

அந்தப் பக்கத்தை பி.டி.எப். ஆகப் பிரிண்ட் செய்து சேமித்து வையுங்கள். பில்லையும் அதே போல்டரில் போடுங்கள். வேறு பொருளை அனுப்பிவிட்டுத் திரும்பப் பெற மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். சேமித்து வைத்த பைல்கள் அப்போது கை கொடுக்கும்.

பொருள் வந்ததும்

முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அச்சின் குழியில் உள்ள மரத்தூளைத் துடையுங்கள். காலட்டை வைத்து, 6 மி.மீ. தண்டைக் கையால் நுழைத்துப் பாருங்கள். தட்டாமல், ஆடாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தண்டை அடிவரை விட்டு, 2 முதல் 3 மி.மீ. மேலே இழுத்து, பிறகு நட்டை இறுக்குங்கள். பிட் இல்லாமல் நட்டை மட்டும் ஒருபோதும் இறுக்காதீர்கள். காலட் நசுங்கிவிடும். தண்டில் பேனாவால் ஒரு கோடு போட்டு, வீணான கட்டையில் சிறிது நேரம் ஓட்டுங்கள். மீண்டும் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கோடு நகரவில்லை என்றால் பிடி சரி.

தச்சர் அண்ணன் இப்போது 6 மி.மீ. பிட்டுகளின் தண்டில் பச்சைப் பெயின்டும், கால் அங்குலப் பிட்டுகளில் சிவப்புப் பெயின்டும் பூசி, தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறார். காலட்டுகளுக்கும் அதே நிறம்தான். அவரிடம் வேலை பழகும் பையன்களுக்கு எந்த எண்ணும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பச்சைக்குப் பச்சை போட்டால் போதும்.

மிக்சியின் கப்ளர், மோட்டார் பம்பின் பேரிங், தையல் மிஷினின் பாபின் கேஸ் என்று எந்த உதிரி பாகத்துக்கும் இதே வழிதான். மாடல் எண், பாகப்பட்டியல், பாக எண், பிறகு கடை. இந்த வாரம் உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ஏதாவது ஒரு மிஷினின் பெயர்ப்பட்டையைப் பார்த்து, அதன் பாகப்பட்டியலைத் தேடி எடுத்துப் பாருங்களேன்!